திம்மராயனுக்குக் கொஞ்சம் பயம் வேண்டும்

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஐந்து வயதுப் பெண் குழந்தை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாடி உயரம். கீழே பக்கத்து மனைக்காரர் கொட்டி வைத்திருந்த ஜல்லியும் கட்டுக் கம்பியும். பெற்ற அப்பன் நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்லி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான்.

ஆயுத பூஜைக்கு வாசலில் மாவிலை கட்டிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மேலே வந்த மாதேஸ்வரிக்கு ஈரக்குலை நடுங்கிப் போயிற்று. கத்தினால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் போச்சு. அதனால் கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி சுவரோரமாகவே போய், குழந்தையின் இடுப்பைச் சேர்த்து அணைத்து இறக்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? புத்தி கெட்டுப் போச்சா?"

"எதுக்கு இப்படிப் பதறுறே?" என்றான் திம்மராயன். "விழலையே."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீம்புக்கும் சொல்லவில்லை. கடைக்காரன் பாக்கிச் சில்லறை இல்லை என்று சொல்வானே, அப்படிச் சாதாரணமாகச் சொன்னான். அந்த முகத்தைப் பார்த்ததும் மாதேஸ்வரிக்கு இன்னொரு முறை குலை நடுங்கியது. இந்தத் தடவை நடுக்கம் நிற்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், புருஷன் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக வேண்டாத சாமியில்லை அவள். திம்மராயன் மின்வாரியத்தில் வயர்மேன். யாரோ வீட்டு ஜெனரேட்டரைப் போட, அதன் கரண்ட் தவறிப்போய்க் கம்பியில் ஏறி, கூடவே கம்பத்தில் இருந்த சிநேகிதன் இவன் கண்ணெதிரே கருகிப் போனான். அதற்குப் பிறகு இவனுக்கு வந்தது சும்மா பயமில்லை, வியாதி. மிக்ஸி சுவிட்சைத் தொட்டால் வேர்க்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். மாத்திரை, மந்திரிப்பு, தாயத்து எல்லாம் ஆயிற்று. கடைசியில் மாதேஸ்வரி வேலை பார்க்கும் கம்பெனியே மருந்தைக் கொடுத்தது.

ஓசூரில் இருக்கிற 'நுண்கரி' கம்பெனியில் அவள் சோதனைப் பிரிவு எஞ்சினியர். சிலிக்கானை விட்டுவிட்டு கிராஃபீனில், அதாவது ஒரே ஒரு அணு கனத்துக்கு விரித்த கரிப் படலத்தில், சில்லு செய்கிற கம்பெனி. சிலிக்கான் சில்லை மூளைக்குப் பக்கத்தில் வைத்தால் சூடாகும், பேட்டரி தீர்ந்தால் மறுபடி மண்டையைத் திறக்க வேண்டும். கரிச் சில்லுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. சூடாகாது. உடம்புச் சூட்டிலேயே ஓடும். பயம் பிறக்கிற நரம்புக்கட்டின் மேல் அதை ஒட்டி வைத்துவிட்டால், கம்பெனியில் இருக்கும் சர்வர் போன் வழியாக அதனுடன் பேசிக்கொண்டே இருக்கும். இந்த நிமிஷம் இவ்வளவு பயத்தை விடு, இவ்வளவைப் பிடி என்று கணத்துக்குக் கணம் சொல்லும். மனிதருக்கு வைத்துப் பார்க்க முதல் ஆள் தேடியபோது, மாதேஸ்வரி தன் புருஷனையே கொண்டுபோய் உட்கார வைத்தாள். தை மாசம் வைத்தார்கள். ஆடிக்குள் அவன் கம்பம் ஏறினான். பயம் இருந்தது, ஆனால் மனுஷனுக்கு இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. அவள் மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்தினாள்.

இப்போது அந்தச் சர்வர் நின்றுபோய் முழுசாக ஒரு நாள் ஆகிறது. முதலாளி வரதராஜுலு சாஸ்திரம் தப்பாதவர். வருஷத்துக்கு ஒரு நாள் இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று, முந்தின நாள் மத்தியானமே எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் பேனலுக்கு மாலை போட்டுப் பூட்டிவிட்டார். விஜயதசமி காலையில்தான் திறப்பார். சர்வரை நிறுத்தியது வேறு யாருமில்லை, மாதேஸ்வரிதான். ஒரு நாள் சில்லு ஓயட்டும், மாத்திரையை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் குழந்தையைக் கீழே அனுப்பிவிட்டு, துணிக்கொடிக்குப் பின்னால் நின்றபடி ஜெசிந்தாவுக்கு போன் போட்டாள். சில்லை வடிவமைத்த கூட்டத்தில் ஒருத்தி ஜெசிந்தா, இவளுக்கு நெருங்கிய சிநேகிதி. லீவுக்குத் திருச்சி போயிருந்தாள். சுவர் மேல் பிள்ளை நடந்த கதையைக் கேட்டுவிட்டு, நேற்று எப்படி மூடினாய் என்று மட்டும் கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். முழுசா அடக்குன்னு கட்டளை குடுத்தேன், சில்லுகிட்ட இருந்து பதில் வந்துச்சு, மெயினை இறக்கிட்டேன்."

அதே வரிசையிலா என்று ஜெசிந்தா இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"ஈஸ்வரி, அது சிலிக்கான் காலத்துப் பழக்கம்டி."

பழக்கம்தான். பதினைந்து வருஷமாக அவள் கை அதைத்தான் செய்தது. எந்தச் சில்லையும் நிறுத்துவதற்கு முன்னால் உச்ச அளவைக் கொடுத்துப் பார்ப்பது, பதில் வருகிறதா என்று பார்ப்பது, பிறகு மின்சாரத்தை வெட்டுவது. வெட்டிவிட்டால் எல்லாம் பூஜ்யம். அதுதானே கணக்கு?

"சிலிக்கானுக்கு அந்தக் கணக்கு சரி" என்றாள் ஜெசிந்தா. "அதுக்குள்ள எலக்ட்ரான் ஓடணும்னா ஒரு வாசப்படியைத் தாண்டணும். தாண்டறதுக்குச் சக்தி குடுக்கலேன்னா நின்னுடும். வாசப்படி இருக்கிறதாலதான் கதவு வைக்க முடியுது. கரிக்கு வாசப்படியே கிடையாது. வெட்டவெளி. அதனால நாம கதவுக்குப் பதிலா ஒரு காவக்காரனை நிறுத்தினோம். போ, நில்லுன்னு சொல்றதுக்கு. அந்தக் காவக்காரன்தான் சர்வர். நேத்து கடைசியா, எல்லாத்தையும் பிடிச்சு வைன்னு சொல்லிட்டு அவன் போயிட்டான். சில்லு இன்னும் பிடிச்சு வெச்சிட்டிருக்கு."

"அதுக்குச் சக்தி வேணுமே?"

"உடம்புச் சூடு போதும்னு நாமதானே ஊரெல்லாம் சொன்னோம்."

மாதேஸ்வரி நேற்றைய கணக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவள் நேற்று மத்தியானம் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்த நிமிஷத்திலிருந்து இந்த மனுஷனுக்குள் பயம் என்கிற சரக்கே இல்லை. ராத்திரி பக்கத்தில் படுத்து அப்படி அமைதியாகத் தூங்கினானே, அதைப் பார்த்துப் பூரித்துப் போனாளே, அதுவும் இதுதான்.

தடதடவென்று கீழே இறங்கினாள். வீட்டில் அவன் இல்லை. வாசலில் வண்டியும் இல்லை. ரோஜாத் தோட்டத்து மாமா போன் பண்ணினார், கரண்ட் இல்லையாம், அப்பா போயிருக்கிறார் என்று குழந்தை சொன்னது.

சரி, வேலைக்குத்தானே போயிருக்கிறான் என்று விட முடியவில்லை அவளால். முந்தின நாள் அவன் அனுப்பிய போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. செக்‌ஷன் ஆபீஸ் சாமி படத்துக்கு முன்னால் அவனுடைய ரப்பர் கையுறை, இடுப்பு பெல்ட், கட்டிங் பிளேயர், கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்குகிற கோல், எல்லாம் வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். அதனாலேயே அதுவரை எந்த வயர்மேனும் கம்பம் ஏற மாட்டான். பொண்டாட்டி பிள்ளை ஞாபகம் வரும், வயிற்றைக் கலக்கும், நாளைக்கு வருகிறேன் ஐயா என்று சொல்லிவிடுவான். வயிற்றைக் கலக்குவதைத்தான் இவள் நேற்று நிறுத்தி வைத்திருக்கிறாளே.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். கைப்பிடி வேர்வையில் வழுக்கியது. முச்சந்திக்கு முச்சந்தி பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் பின் சக்கரம் பூசணிச் சதையில் ஏறி இழுத்துக்கொண்டு போயிற்று, காலை ஊன்றித் தப்பித்தாள். வாழைக்கன்று கட்டிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. தோட்டத்துக் கம்பத்தடியில் கூட்டம் இருக்கக் கூடாது, கூட்டம் மட்டும் இருக்கக் கூடாது என்று உதடு அதன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டம் இல்லை. தோட்டத்து மேஸ்திரி ஒருவர் மட்டும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றார். டிரான்ஸ்ஃபார்மர் மாட்டிய இரட்டைக் கம்பத்தின் உச்சியில், குறுக்கு இரும்பின் மேல் திம்மராயன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையுறை இல்லை, பெல்ட் இல்லை. தலைக்கு ஒரு முழம் மேலே கம்பி.

உங்கள் வீட்டுக்காரர் சிங்கம் அம்மா என்றார் மேஸ்திரி. வேறு யாரைக் கூப்பிட்டாலும் நாளைக்கு நாளைக்கு என்கிறார்களாம், இவர்தான் மறுபேச்சில்லாமல் வந்து ஏறினாராம். அவரை அறையலாம் போல இருந்தது மாதேஸ்வரிக்கு.

சப்ஸ்டேஷனில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி லைன் கிளியர் வாங்கினீர்களா என்று மேலே பார்த்துக் கேட்டாள். வாங்கவில்லையாம். எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்வது என்றான். அப்படியானால் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, மூன்றில் ஒன்றுதான் போயிருக்கிறது, இரண்டு உயிரோடுதான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது. கீழே இருக்கும் சுவிட்ச் கைப்பிடியை இறக்கினால் கம்பி செத்துவிடும். அது பூட்டியிருந்தது. சாவி அவன் இடுப்பில்.

"கீழ வாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், வந்துடுங்க."

"இந்த ஃபியூஸைக் கட்டிட்டு வரேன். என்ன அவசரம்?"

அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. அவன் சாய்த்து வைத்திருந்த ஏணியில் காலை வைத்தாள். இதே திம்மராயன், வியாதி வருவதற்கு முன்னால்கூட, ஈரக்கையோடு அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் வீட்டை இரண்டு பண்ணிவிடுவான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறியதற்கு ரெண்டு நாள் பேசவில்லை. அவள் ஏறுவதைப் பார்த்தால் பதறிக்கொண்டு இறங்கி வருவான் என்று நினைத்தாள். மூன்று படி, நாலு படி ஏறினாள். டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் பல்லுக்குள் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள்.

அவன் குனிந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"வா வா, மேல வா. இங்கிருந்து பார்த்தா ஏரி அப்படியே தெரியுது."

அந்த முகத்தில் அன்பு இருந்தது. அதில் குறையே சொல்ல முடியாது. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும்போது இருக்கிற அதே அன்பு. ஆனால் தன் பொண்டாட்டி இன்னும் இரண்டு கை ஏறினால் கரிக்கட்டையாகிவிடுவாள் என்கிற எண்ணம் அந்தக் கண்ணில் இல்லவே இல்லை. அறிவுக்குத் தெரியும், வயர்மேன் ஆயிற்றே. தெரிந்தும் அது அவனை ஒன்றும் செய்யவில்லை. கட்டின புருஷனைப் பார்த்து மாதேஸ்வரிக்குப் பயம் வந்தது. மேலே ஓடுகிற மின்சாரத்தைவிட அவனுக்குத்தான் அதிகம் பயந்தாள். மெதுவாக, ஒவ்வொரு படியாக, இறங்கிவிட்டாள்.

பயத்தைக் காட்டிக் கூப்பிட்டால் வர மாட்டான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குரலைச் சரி செய்துகொண்டு வேறு மாதிரி கூப்பிட்டாள். கம்பெனியில் அவசரமாக மின்சாரம் போட வேண்டும், எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போய்விட்டான், நீங்கள் வந்தால்தான் ஆகும் என்றாள். திம்மராயன் முகம் மலர்ந்துவிட்டது. உதவி என்றால் எப்போதும் ஓடுகிற ஆள். இதோ என்று சொல்லி, உயிருள்ள கம்பிக்கு ஒரு சாண் பக்கத்தில் கையை விட்டு, ஃபியூஸ் கம்பியை முறுக்க ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள். மூடினால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகுமே என்கிற பயத்தில் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். முறுக்கி முடித்து, மாமரத்திலிருந்து பையன் இறங்குகிற மாதிரி குதித்து இறங்கி வந்தான்.

வண்டியை நான் ஓட்டுகிறேன், பின்னால் உட்காருங்கள் என்றாள். ஊர் பார்க்கப் பொண்டாட்டிக்குப் பின்னால் உட்கார மாட்டேன் என்பவன், சரி என்று ஏறி உட்கார்ந்தான். வெட்கமும் பயத்துக்குக் கூடப் பிறந்ததுதானே, அதுவும் போயிருந்தது.

வழியிலேயே முதலாளிக்குப் பேசினாள். வரதராஜுலு முழுசாகக் கேட்டார். மனுஷ உயிருக்கு மேலே பூஜை என்னம்மா, திற என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, விஷயம் வெளியில் போக வேண்டாம், அடுத்த மாசம் இன்னும் இருபது பேருக்கு வைக்கப் போகிறோம் பாருங்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டுக் கோபப்படக்கூட அவளுக்கு அப்போது தெம்பில்லை.

வாட்ச்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தார். பேனல் அறையில் சாமந்தி மாலையும் எலுமிச்சம்பழமுமாக மெயின் பேனல் மணப்பெண் போல நின்றது. திம்மராயன் மாலையை ஒதுக்கிவிட்டு நெம்புகோலைத் தூக்கினான். கட்டடம் முழுக்க விளக்கு வந்தது. இன்னும் இரண்டு லைனைச் சரிபார்க்கிறேன், நீ போ என்று அவன் பேனலின் பின்பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கினான். விட்டுவிட்டு இங்கே வந்து உட்காருங்கள் என்று அவள் எவ்வளவோ கூப்பிட்டும் பார்த்தாள். இதோ, இதோ என்றானே தவிர வரவில்லை. இழுத்துப் பிடிக்கலாம், எதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது இழுப்பது? சோதனை அறை அடுத்த அறைதான், நடுவில் கதவு திறந்தேயிருந்தது. ஓடிப்போய் சர்வரைக் கிளப்பி, ஜெசிந்தாவுக்கு போன் போட்டு, மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரைத் திறந்தாள்.

சர்வர் எழுந்தது. சில்லைக் கூப்பிட்டது. சில்லு பதில் சொன்னது. ஆனால் சொன்னதைக் கேட்கவில்லை. கொஞ்சம் பயத்தை விடு என்றால், சரி என்று பதில் வந்தது, திரையில் பயத்தைக் காட்டுகிற கோடு மட்டும் அடியிலேயே கிடந்தது.

"நான் பயந்ததுதான் ஆச்சு" என்றாள் ஜெசிந்தா. "இவ்வளவு நேரம் ஒரே நிலையில நின்னதுல படலம் மடிஞ்சு போச்சு. பெட்டியில ரொம்ப நாள் மடிச்சு வெச்ச வேட்டி மாதிரி. இனிமே சர்வர் சொல்றபடி ஏறி இறங்காது."

"எடுத்துட முடியாதா?"

"நரம்பு அதைச் சுத்தி வளர்ந்துடுச்சு ஈஸ்வரி. எடுத்தா அவர் எந்திரிக்க மாட்டார். ஒண்ணு பண்ணலாம். அந்த அறையில இருக்கிற ஆண்டெனா வழியா பலமா ஒரே ஒரு தட்டு. மடிப்பு வேற இடத்துக்குப் போகும். எந்த அளவைக் குடுக்கறோமோ அந்த அளவுல போய் நிக்கும். அப்புறம் அங்கேயே படிஞ்சிடும். இன்னொரு தட்டைப் படலம் தாங்காது."

ஆக, ஒரு மனுஷனுக்கு ஆயுசுக்கும் எவ்வளவு பயம் வேண்டும் என்று இப்போது முடிவு செய்ய வேண்டும். அவள் பேனல் அறைப் பக்கம் திரும்பி, சத்தமாக, உங்களுக்குப் பயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், சம்மதமா என்று கேட்டாள். செய்யேன், எனக்கென்ன என்று குரல் வந்தது. பயமே இல்லாத ஆள் கொடுக்கிற சம்மதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஜெசிந்தா முணுமுணுத்தாள்.

அளவு வேண்டுமே. சர்வர் அணைந்து எழுந்ததில் 'சாதாரண மனுஷ பயம்' என்கிற அளவு அழிந்து போயிருந்தது. அது தினசரி காலையில் புதிதாக எடுக்கிற அளவுதான். யாராவது ஒரு நல்ல ஆரோக்கியமான ஆள், காபி குடித்துவிட்டு, நெற்றியில் பயத்தை அளக்கிற உணரிப் பட்டையை ஒட்டிக்கொண்டு அமைதியாக உட்கார வேண்டும். அந்தக் கோட்டை வைத்துத்தான் திம்மராயனுக்கு அன்றன்றைக்கு அளந்து கொடுப்பார்கள். இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர், பட்டை ஒட்டக் கூடாது. மாதேஸ்வரி பட்டையைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

கோடு விருட்டென்று மேலே போய், உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இதைப் போய் ஒரு மனுஷனுக்கு எழுதுவதா? தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடினாள். கந்த சஷ்டி கவசத்தை மனசுக்குள் முதலிலிருந்து சொன்னாள். கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம், நான் அடங்கிவிடுவேன், கோடு இறங்கட்டும், அப்புறம் தட்டலாம் என்றாள்.

"கோடு எங்க நிக்குது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"மேல. உச்சிக்கு நாலு விரல் கீழ."

ஜெசிந்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நீ காலையில காபி குடிச்சிட்டு உட்கார்ற நாள்லயும் அங்கதாண்டி நிக்கும். உன் தலைக்குப் பட்டை சரியா ஒட்ட மாட்டேங்குது, மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லித்தான் உன்னை எழுப்பிட்டு வேற ஆளை உட்கார வைப்போம். கோளாறு இல்லை போல."

மாதேஸ்வரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, பார்த்துப் போய்வாருங்கள் என்று சொல்லி, வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் வாசலில் நின்று, அதற்குப் பிறகுதான் அவள் கம்பெனிக்குக் கிளம்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதற்கு ஒரு பெயர் உண்டு என்றோ, அளந்தால் இவ்வளவு வரும் என்றோ அவள் நினைத்ததில்லை. எல்லா வயர்மேன் வீட்டிலும் இருக்கிறதுதானே. காத்திருந்தாலும் அது இறங்கப்போவதில்லை என்பது மட்டும் புரிந்தது. நாளைக்கு விஜயதசமி, ஆட்கள் வருவார்கள், வேறு யாரையாவது உட்கார வைக்கலாம். நாளை வரைக்கும் இவனைக் கட்டிப்போட்டு வைத்தால் போதும். அப்படித்தான் முடிவு செய்தாள், பட்டையை உரிக்கக் கையைக்கூடத் தூக்கினாள்.

"ஈஸ்வரி" என்று பேனல் அறையிலிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. "இங்க பஸ்பார் மேல ஒரு பல்லி செத்துக் கெடக்குது பாரு. எடுத்துப் போட்டுடறேன்."

பஸ்பார் என்பது பேனலுக்குள் கட்டடத்தின் மொத்த மின்சாரமும் ஓடுகிற செம்புப் பட்டை. மெயினை அவனே தூக்கிவிட்டிருக்கிறான். திறந்த கதவு வழியாக அவன் முழங்கை முன்னால் நகர்வது தெரிந்தது. கத்தினால் நிற்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஓடினால் போய்ச் சேர முடியாது. திரையில் நின்ற தன் அளவிலேயே பொத்தானைத் தட்டிவிட்டாள்.

முழங்கை நின்றது.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எதுவோ தடாலென்று விழுந்தது, ஸ்பேனர் ஒன்று தரையில் உருண்டது. மாதேஸ்வரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். பல்லி இருந்த இடத்திலேயே கிடந்தது. திம்மராயன் எதிர்ச் சுவரோடு முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. அவள் பேனல் பக்கம் ஒரு அடி வைத்ததும், அவன் அப்படியே தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டான்.

"போகாதே. அங்க போகாதே."

"போகலைங்க. இங்கதான் இருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் உடம்பு நடுங்கியது அவள் தோளில் தெரிந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நாட்களில் வந்த நடுக்கம் இல்லை இது. அப்போதெல்லாம் அவன் கண்ணுக்கு எதிரில் யாரும் தெரிய மாட்டார்கள். இப்போது அவன் அவளைத்தான் பார்த்தான். முகத்தை, நெற்றியில் இன்னும் உரிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்த பட்டையை, மறுபடி முகத்தை.

"இது உன்னோடதா?" என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"நான் வண்டியை எடுக்கறப்ப எல்லாம் இப்படித்தான் இருக்குமா உனக்கு?"

இல்லை, இன்றைக்கு மட்டும்தான், நீங்கள் கம்பத்தில் ஏறியதைப் பார்த்த பயம் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"இதை வெச்சுக்கிட்டா நீ தினமும் சோறு பொங்கினே?"

அதற்கு அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இத்தனை வருஷம் கேட்காத கேள்வியை ஒருத்தன் கேட்டுவிட்டதற்கா, இனி இந்த மனுஷன் ஆயுசுக்கும் இதைச் சுமக்க வேண்டுமே என்பதற்கா? இனி அவன் கம்பம் ஏற மாட்டான், அது நிச்சயம். அவள் அடுப்பைப் பற்றவைத்தால், சாலையைத் தாண்டினால், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் அவனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவளுக்கு அதை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கத் தெரியும். பழகிய உடம்பு. அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அடுத்த அறையில் போனிலிருந்து ஜெசிந்தா, ஈஸ்வரி, என்ன ஆச்சு, இருக்காரா, சொல்லேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் பதில் சொல்வதற்காக மாதேஸ்வரி எழுந்திருக்கப் பார்த்தாள். அவன் அவள் கையை விடவில்லை. இனி எப்போதும் விட மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதுவும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.